கம்பெனி எடுத்த காப்புரிமையில் என் பெயர் இல்லை: எழுதிக் கொடுத்த பிறகு கண்டுபிடித்தவருக்கு என்ன மிச்சம்?

டூல்ரூம்காரி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அலுமினிய வார்ப்பு உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் டூல்ரூமில் (உற்பத்திக்கான கருவிகளைச் செய்யும் பிரிவு) வடிவமைப்புப் பொறியாளராக இருக்கிறேன். கம்பெனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. தயவுசெய்து யாரும் ஊகித்து எழுதவும் வேண்டாம்.

பம்ப் உறைகளை வெளியே அனுப்பும் முன் கசிவுச் சோதனை செய்வோம். உறையின் திறப்புகளை ரப்பரால் அடைத்து, உள்ளே காற்றை ஏற்றி, அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ரப்பர் பிடிப்பதற்காகச் சிலிண்டர் பலமாக இறுக்கும். சுவர் மெல்லியதாக இருந்தால் உறை அந்த இறுக்கத்திலேயே லேசாக வளையும். நல்ல உறையையும் கசிகிறது என்று இயந்திரம் தள்ளிவிடும். வார்ப்பின் ஓரத்தில் நிற்கும் பிசிறு ரப்பரை வெட்டும். ஷிப்டுக்கு ஒருமுறை ரப்பர் மாற்றுவதே பெரிய வேலையாகிவிட்டது.

உறையைச் சோதனைக்குப் பிடித்து வைக்கும் அந்த அமைப்பை, அதாவது பிக்ஸ்சரை, நான் மாற்றினேன். சோதனைக்கு ஏற்றும் காற்றிலேயே கொஞ்சத்தை ஒரு சிறு துளை வழியாக ரப்பரின் முதுகுப் பக்கம் விட்டேன். அந்தக் காற்றே ரப்பரை உறையின் முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். சிலிண்டரின் விசையைப் பாதிக்கும் கீழே குறைக்க முடிந்தது. நல்ல உறைகள் தள்ளுபடியாவது ஏறக்குறைய நின்றது. வரைபடம் என்னுடையது. வரைந்தவர் என்ற கட்டத்தில் என் கையெழுத்து இருக்கிறது.

சென்ற வாரம் காப்புரிமை அலுவலக இணையதளத்தில் வேறொன்றைத் தேடியபோது, இதே அமைப்புக்கு எங்கள் கம்பெனி கொடுத்த விண்ணப்பம் வெளியாகியிருப்பதைப் பார்த்தேன். கண்டுபிடிப்பாளர்கள் என்று இரண்டு பெயர்கள். ஒருவர் எங்கள் துணைப் பொது மேலாளர். இன்னொருவர் நிர்வாக இயக்குநரின் மகன். அவர் அந்தச் சோதனைக் கூடத்துக்குள் வந்து நான் பார்த்ததே இல்லை. என் பெயர் எங்கும் இல்லை.

பணியில் சேரும்போது, வேலைக்காலத்தில் உருவாகும் எல்லாக் கண்டுபிடிப்புகளும் நிறுவனத்துக்கே சொந்தம் என்ற தாளில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அப்படியானால் எனக்குக் கேட்க வாய் இல்லையா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற_மேலாளர்

அம்மா, ஒரு தொழிற்சாலையில் ஆய்வுப் பிரிவின் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் வருத்தத்தைக் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் கம்பெனியின் பக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும்.

பிக்ஸ்சர் வடிவமைப்பது உங்கள் வேலை. அதற்குத்தான் மாதச் சம்பளம். இரும்பு வாங்கியது கம்பெனி, இயந்திரத்தை நிறுத்திச் சோதித்துப் பார்க்க விட்டது கம்பெனி, பலிக்காமல் போன முயற்சிகளின் செலவைத் தாங்கியதும் கம்பெனிதான். உங்கள் யோசனை தோற்றிருந்தால் உங்கள் சம்பளத்தில் ஒரு ரூபாயைப் பிடித்திருப்பார்களா? அதனால் காப்புரிமை கம்பெனிக்குப் போவதில் எனக்கு எந்தத் தவறும் தெரியவில்லை.

பெயர் விஷயம் வேறு. திட்டத்துக்குப் பொறுப்பேற்றவர்களின் பெயரைப் போடுவது பல இடங்களில் வழக்கம். வேலையை வைத்துக்கொண்டு மேலிடத்தோடு மல்லுக்கட்ட வேண்டுமா என்பதையும் யோசியுங்கள்.

ஓஎம்ஆர்_நிரலர்

எங்கள் துறையில் இது அன்றாடக் கதை. ஒன்று மட்டும் கேட்கிறேன். நாங்கள் எழுதும் நிரலுக்கு 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் தெளிவாகவே சொல்கிறது: வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் ஊழியர் பணியில் எழுதியதன் முதல் உரிமையாளர் முதலாளிதான். காப்புரிமைச் சட்டத்திலும் அப்படி ஒரு வரி இருக்கிறதா?

கிண்டி_முகவர்

இல்லை. இந்த இழைக்கே அதுதான் ஆணிவேர். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். காப்புரிமை முகவராகத் தொழில் செய்கிறேன். கிண்டி ஜிஎஸ்டி சாலையில் இருக்கும் காப்புரிமை அலுவலகத்துக்கு அடிக்கடி போய் வருகிறவன்.

1970ஆம் ஆண்டின் நம் காப்புரிமைச் சட்டத்தில் ஊழியரின் கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம் என்று தனிப் பிரிவே கிடையாது. 6ஆம் பிரிவின்படி விண்ணப்பிக்கக் கூடியவர்கள்: உண்மையான, முதல் கண்டுபிடிப்பாளர், அவரிடமிருந்து உரிமையை எழுதி வாங்கியவர், கண்டுபிடிப்பாளர் இறந்திருந்தால் அவருடைய சட்டப்படியான வாரிசு. கம்பெனி இந்த இரண்டாவது வாசல் வழியாகத்தான் உள்ளே வருகிறது. கம்பெனி யோசிக்காது, மனிதர்தான் யோசிக்கிறார். ஆகவே உரிமை முதலில் மனிதரிடம் பிறந்து, அங்கிருந்து எழுத்து மூலம் கம்பெனிக்குப் போக வேண்டும். பணி ஒப்பந்தத்தில் நீங்கள் போட்ட கையெழுத்தின் வேலை அதுதான்.

இப்போது இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பாருங்கள். சொத்து ஒன்று. கண்டுபிடித்தவர் யார் என்ற உண்மை இன்னொன்று. சொத்தை எழுதிக் கொடுக்கலாம், விற்கலாம், கம்பெனி அதை அடகும் வைக்கலாம். யார் கண்டுபிடித்தார் என்பதை யாரும் யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. அது நடந்து முடிந்த ஒரு நிகழ்ச்சி. படிவம் 5 என்று ஒன்று இருக்கிறது. உண்மையான கண்டுபிடிப்பாளர்கள் இவர்கள்தான் என்று விண்ணப்பதாரர் அதில் உறுதிமொழி கொடுக்கிறார். வழக்கம் என்ற பெயரில் இயக்குநரின் மகனை அங்கே எழுதுவது மரியாதை செய்வது ஆகாது. அரசு அலுவலகத்தில் பொய் உறுதிமொழி கொடுப்பது அது. மேலாளர் ஐயா மன்னிக்க வேண்டும், இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

1960இலேயே மைசூர் உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொல்லியிருக்கிறது. பணம் போட்ட கூட்டாளி கண்டுபிடிப்பாளர் ஆக முடியாது. தன் திறமையையோ தொழில்நுட்ப அறிவையோ கண்டுபிடிப்புக்குக் கொடுத்தவரே கண்டுபிடிப்பாளர். இன்றும் கட்டுப்பாட்டாளர் (காப்புரிமை அலுவலகத்தில் முடிவெடுக்கும் அதிகாரி) முன் நாங்கள் எடுத்துக் காட்டும் தீர்ப்பு அது.

உங்களுக்குச் சட்டம் கொடுக்கும் வழி 28ஆம் பிரிவு. கண்டுபிடிப்பையோ அதன் முக்கியமான ஒரு பகுதியையோ நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள், அதன் நேரடி விளைவாகவே இந்த விண்ணப்பம் வந்தது என்று கட்டுப்பாட்டாளர் நிறைவடைந்தால், காப்புரிமையிலும் பதிவேட்டிலும் உங்கள் பெயரைச் சேர்க்க வேண்டும். கம்பெனி ஒப்புக்கொண்டால் இருவரும் சேர்ந்து படிவம் 8 கொடுக்கலாம். ஒப்புக்கொள்ளாவிட்டால் நீங்கள் தனியாகவே கோரலாம். கம்பெனிக்கு அறிவிப்பு போகும், விசாரணை நடக்கும். உத்தரவு எதிராக வந்தால் 117ஏ பிரிவின்படி மூன்று மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு. முன்பு இதற்கெல்லாம் அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம் நம் சென்னையிலேயே இருந்தது. 2021இல் அதைக் கலைத்துவிட்டார்கள். இப்போது சென்னை உயர் நீதிமன்றத்தின் அறிவுசார் சொத்துப் பிரிவு கேட்கிறது.

ஒரே ஒரு கெடு இருக்கிறது, கழுத்துக்குக் கத்தியாக. இந்தக் கோரிக்கையைக் காப்புரிமை வழங்கப்படும் முன் கொடுத்துவிட வேண்டும். வழங்கியபின் 28ஆம் பிரிவின் வழியாகப் பெயரைச் சேர்க்கச் சொல்ல முடியாது. ஆகவே முதலில் விண்ணப்பத்தின் நிலை என்ன என்று பார்த்துச் சொல்லுங்கள். கிளெய்ம்கள், அதாவது எதற்கு உரிமை கோரப்படுகிறது என்று எண்ணிட்டுச் சொல்லும் வரிகள், எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்பதையும் பாருங்கள். விவரங்களை இங்கே ஒட்ட வேண்டாம். சாரத்தை மட்டும் சொன்னால் போதும்.

டூல்ரூம்காரி

மிக்க நன்றி ஐயா. சாப்பாட்டு இடைவேளையில் பார்த்தேன். காப்புரிமை அலுவலகத்தின் முதல் பரிசோதனை அறிக்கை கம்பெனிக்குப் போய்விட்டது. கம்பெனி இன்னும் பதில் தாக்கல் செய்ததாகத் தெரியவில்லை. வழங்கப்படவில்லை.

கிளெய்ம்களைப் படித்தபோது வேறொரு விஷயம் கண்ணில் பட்டது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

முதல் கிளெய்மில் முக்கியமாகச் சொல்லப்பட்டிருப்பது, பள்ளத்துக்குள் உட்காரும் ரப்பரின் உதடு (மெல்லிய விளிம்பு) காற்று வரும் பக்கம் பார்த்திருப்பது. பின்னால் காற்றை விடும் துளையும், அழுத்தம் படிப்படியாக ஏறும் வரிசையும் அடுத்தடுத்த கிளெய்ம்களில் வருகின்றன. துளையும் வரிசையும் என் யோசனை, அதில் சந்தேகம் இல்லை. ஆனால் உதட்டைத் திருப்பிப் போட்டது எங்கள் மூத்த பிட்டர் அண்ணன். நான் முதலில் வரைந்த மாதிரியில் உதடு வெளிப்பக்கம் பார்த்திருந்தது. காற்று ஏறியதும் ரப்பர் பள்ளத்தை விட்டுத் துள்ளி வெளியே வந்தது. இரவு ஷிப்டில் அவர் அதைக் கழற்றி, தலைகீழாகப் போட்டு, காற்று விட்டுப் பார்த்திருக்கிறார். காலையில் ஷிப்டு நோட்டில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார்: "உதடு உள்ளே பார்த்துப் போட்டேன். காற்று ஏற ஏற இறுகுகிறது. மேடம் பார்க்கவும்." பக்கத்திலேயே சின்னதாக ஒரு படம். அதைப் பார்த்தபின்தான் நான் துளையை அவ்விடத்துக்கு மாற்றினேன்.

அப்படியானால் அவரும் கண்டுபிடிப்பாளரா? அவர் ஐடிஐ படித்தவர். அடுத்த ஆண்டு ஓய்வு பெறப் போகிறார்.

பெரம்பூர்_பிட்டர்

இதைக் கேள்வியாகவே வைத்திருக்கக் கூடாது தங்கச்சி. அவர்தான் கண்டுபிடித்தார். நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

நானும் பிட்டர்தான். வரைபடத்தில் இருப்பது இயந்திரத்தில் உட்காராதபோது உட்காரவைக்கிறவர்கள் நாங்கள். கோப்பில் எங்கள் பெயர் வராது. யோசனைப் பெட்டியில் சீட்டுப் போட்டால் தீபாவளிக்கு ஒரு எவர்சில்வர் பாத்திரமும் கைதட்டலும் கிடைக்கும். அந்த யோசனை எங்கே போனது, எத்தனை லட்சம் மிச்சம் பிடித்தது என்று யாரும் திரும்பிச் சொன்னதில்லை. உங்களுக்கு மேலாளர் செய்ததை நீங்கள் அந்த அண்ணனுக்குச் செய்துவிடாதீர்கள். கோபமாக எழுதுவதாக நினைக்க வேண்டாம். நீங்கள் உண்மையைச் சொன்னதால்தான் உரிமையோடு சொல்கிறேன்.

ஓய்வுபெற்ற_மேலாளர்

இங்கே நான் உறுதியாக மாறுபடுகிறேன். பட்டறையில் எல்லோரும் எதையாவது சொல்வார்கள். ஷிம் வை, திருப்பிப் போடு, எண்ணெய் விடு என்பார்கள். கைப்பழக்கத்தில் வருகிற யோசனை அது. அப்படிச் சொன்ன ஒவ்வொருவரையும் கண்டுபிடிப்பாளர் என்று எழுதினால் காப்புரிமையின் முதல் பக்கம் வருகைப் பதிவேடாகிவிடும். சோதனை செய்து பார்த்தவர், அளவெடுத்தவர், இயந்திரத்தில் கடைந்து கொடுத்தவர் எல்லோரும் கண்டுபிடிப்பாளர்கள் ஆக முடியாது. சட்டமும் அப்படிச் சொல்லாது என்றே நினைக்கிறேன்.

கிண்டி_முகவர்

ஐயா சொல்வதில் பாதி சரி, அந்தப் பாதி முக்கியமானதும்கூட. சொன்னபடி கடைந்து கொடுத்தவர், சொன்னபடி சோதித்தவர், அளவுகளைக் குறித்தவர் கண்டுபிடிப்பாளர் ஆக மாட்டார்கள். எவ்வளவு திறமையான கை என்றாலும், எத்தனை இரவு உழைத்திருந்தாலும் அப்படித்தான். எது தேவை என்று சொன்னவரும் ஆக மாட்டார். "கசிவுச் சோதனையில் தள்ளுபடி குறைய வேண்டும்" என்று கூட்டத்தில் சொன்ன துணைப் பொது மேலாளர் பிரச்சினையைத்தான் கொடுத்தார், விடையைக் கொடுக்கவில்லை.

ஆனால் படிப்பையும் பதவியையும் இந்தக் கணக்கில் எங்கும் சேர்ப்பதில்லை. கிளெய்மில் இருக்கும் விடையை யாருடைய மனம் முதலில் பிடித்தது என்பதே கேள்வி. பிட்டர் அண்ணன் யாரும் சொல்லாமல் உதட்டைத் திருப்பினார். திருப்பினால் ஏன் வேலை செய்கிறது என்பதையும் ஒரு வரியில் எழுதிவைத்தார்: காற்று ஏற ஏற இறுகுகிறது. அது தற்செயலாகக் கைபட்ட காரியம் இல்லை, காரணத்தைப் புரிந்துகொண்டு சொன்ன விடை. முதல் கிளெய்மின் உயிரே அதுதான் என்று நீங்கள் சொல்கிறீர்கள். என் கருத்தில் அவர் கூட்டுக் கண்டுபிடிப்பாளர், ஐயமே இல்லை.

அமெரிக்க வழக்கு ஒன்றைச் சொல்கிறேன், இதற்கு அவ்வளவு நெருக்கமானது. யூன் என்ற மருத்துவர் அறுவை சிகிச்சைக் கருவி ஒன்றுக்குக் காப்புரிமை வாங்கினார். அவரோடு சம்பளம் இல்லாமல் சுமார் ஒன்றரை ஆண்டு வேலை செய்தவர் சோய் என்ற மின்னணுத் தொழில்நுட்பர். கொஞ்சம் கல்லூரிப் படிப்பு உண்டு, பட்டம் கிடையாது. யூன் அவர் பெயரைப் போடவில்லை. பின்னாளில் யூனிடம் உரிமம் பெற்ற எத்திகான் நிறுவனம் அந்தக் காப்புரிமையை வைத்து யு.எஸ். சர்ஜிகல் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டது. எதிர்த்தரப்பு சோயைத் தேடிப் பிடித்து அவரிடம் உரிமம் எழுதி வாங்கிக்கொண்டு நீதிமன்றத்துக்கு வந்தது. காப்புரிமையில் இருந்த 55 கிளெய்ம்களில் இரண்டுக்கு சோய் பங்களித்திருக்கிறார் என்று நீதிமன்றம் கண்டது. அந்த இரண்டே போதுமானதாக இருந்தது. அவர் முழுக் காப்புரிமைக்கும் கூட்டு உரிமையாளர் ஆனார். அவர் சேராமல் வழக்கு நடத்த முடியாது என்று 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் எத்திகானின் வழக்கைத் தள்ளிவிட்டது.

அங்கே சோய் உரிமையை யாருக்கும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை, அதனால் அவருக்குச் சொத்தும் கிடைத்தது. உங்கள் அண்ணனின் பணி நியமனத் தாளில் அப்படி ஒரு நிபந்தனை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பொறியாளர்களிடம் வாங்கும் கையெழுத்தைத் தொழிலாளர்களிடம் வாங்க மறந்துபோன கம்பெனிகளை நான் பார்த்திருக்கிறேன். வாங்கியிருக்காவிட்டால் ஓட்டை கம்பெனியின் உரிமையில்தான். நம் சட்டத்தின் 68ஆம் பிரிவுப்படி காப்புரிமை கைமாறுவது எழுத்தில்தான் இருக்க வேண்டும். உரிமை இல்லாதவர் விண்ணப்பித்தார் என்பதும், இன்னொருவருடைய உரிமையைப் பறித்துத் தவறாகப் பெற்றார் என்பதும் 64ஆம் பிரிவில் காப்புரிமையை ரத்து செய்யக் காரணங்கள். நாளைக்கு இந்தக் காப்புரிமையை எடுத்துக்கொண்டு போட்டிக் கம்பெனி மேல் வழக்குப் போனால், எதிர்த்தரப்பு வழக்குரைஞர் முதலில் தேடுவது விடுபட்ட பெயரைத்தான்.

இந்த விண்ணப்பம் புதுமைச் சோதனையைத் தாண்டுமா என்பது வேறு கேள்வி. காற்றழுத்தத்தில் தானே இறுகும் ரப்பர் வேறு துறைகளில் பழையது. பரிசோதகர் அதைக் கட்டாயம் கேட்பார். இங்கே அதற்குள் போகவில்லை.

ஓஎம்ஆர்_நிரலர்

ஒரு நேரடிக் கேள்வி. 28ஆம் பிரிவில் பெயர் சேர்ந்தால் பணம் வருமா? வராது என்றால் இத்தனை பாடு எதற்கு? கிண்டலாகக் கேட்கவில்லை. எனக்கும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது, விட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பாரிமுனை_வழக்குரைஞர்

பணம் வராது. பெயரைக் குறிப்பிடுவதால் காப்புரிமையின் மேல் எந்த உரிமையும் கூடாது, குறையாது என்று 28ஆம் பிரிவே சொல்லிவிடுகிறது. நம் நாட்டில் ஊழியர் கண்டுபிடிப்புக்குக் கம்பெனி இவ்வளவு தர வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் கிடையாது. ஜெர்மனியில் 1957 முதல் அதற்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது, முதலாளி நியாயமான ஊதியம் தந்தாக வேண்டும். பிரிட்டனில் 1977ஆம் ஆண்டுச் சட்டம், கண்டுபிடிப்பால் கம்பெனிக்கு மிகச் சிறப்பான பலன் கிடைத்திருந்தால் ஊழியருக்கு நியாயமான பங்கு உண்டு என்கிறது.

பிரிட்டன் வழக்கு ஒன்றைப் படித்துப் பாருங்கள். பேராசிரியர் ஷாங்க்ஸ் யூனிலீவர் குழுமத்தில் வேலை பார்த்தவர். 1982இல் வீட்டில், மகளின் பொம்மை மைக்ராஸ்கோப் பெட்டியிலிருந்த தகடுகளையும் மைலார் படலத்தையும் கிளிப்புகளையும் வைத்து, இரத்தச் சர்க்கரையை அளக்கும் கருவியின் முதல் மாதிரியைச் செய்தார். உரிமை கம்பெனிக்குப் போனது. அந்தக் காப்புரிமைகளால் கம்பெனிக்குக் கிடைத்தது சுமார் 2.4 கோடி பவுண்டு. 2006இல் இழப்பீடு கேட்டார். கீழே எல்லாக் கட்டங்களிலும் தோற்று, 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் 20 லட்சம் பவுண்டு பெற்றார்.

ஜப்பானில் நகமுராவின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். நீல எல்இடி கண்டுபிடித்தவர், 2014இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர். அந்தக் காப்புரிமைக்காகக் கம்பெனி அவருக்குக் கொடுத்ததாகச் சொல்லப்படும் தொகை 20,000 யென். 2004 ஜனவரியில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2,000 கோடி யென் தரச் சொன்னது. மேல்முறையீட்டில் 2005 ஜனவரியில் வட்டியோடு சுமார் 84 கோடி யென்னுக்குச் சமரசமானது. பின்னர் 2015இல் ஜப்பான் சட்டத்தைத் திருத்தி, கண்டுபிடிப்பு ஆரம்பத்திலேயே கம்பெனிக்குச் சொந்தம் என்று விதி வகுத்துக்கொள்ளவும் வழி செய்துவிட்டது.

இந்த இருவரும் நீதிமன்றத்தில் "நான்தான் கண்டுபிடித்தேன்" என்று மெய்ப்பிக்கப் போராட வேண்டியிருக்கவில்லை. காப்புரிமையிலேயே பெயர் இருந்தது. எவ்வளவு பணம் என்பதே சண்டை. பெயர் இல்லாதவருக்கு அந்த முதல் படிக்கட்டே கிடையாது. நாளைக்கு இந்தியாவிலும் ஊதியம் கேட்கச் சட்டம் வந்தால், அல்லது உங்கள் கம்பெனியே ஊக்கத்தொகைத் திட்டம் கொண்டுவந்தால், பதிவேட்டில் பெயர் உள்ளவருக்குத்தான் அது போகும். அடுத்த வேலைக்கு நேர்காணலுக்குப் போகும்போதும் அதைத்தான் காட்டுவீர்கள். 2024 மார்ச்சில் விதிகளைத் திருத்தியபோது கண்டுபிடிப்பாளர் சான்றிதழ் என்று ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறார்கள். நடப்பில் இருக்கும் காப்புரிமையில் பெயர் உள்ளவர் படிவம் 8ஏ கொடுத்துத் தன் பெயருக்கு வாங்கிக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை, நிரலருக்கும் சேர்த்து. ஆதாரம் திரட்டுகிறேன் என்று கம்பெனி மின்னஞ்சலைச் சொந்த முகவரிக்கு அனுப்பாதீர்கள். வரைபடத்தைக் கைபேசியில் படம் எடுக்காதீர்கள். அதையே இரகசியத்தை மீறிய குற்றமாக்கி உங்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். காப்புரிமை வழக்கு ஒழுங்கு நடவடிக்கையாக மாறியதைக் கண்ணெதிரே பார்த்தேன். என்ன ஆவணம், என்ன தேதி, எந்தக் கோப்பில், வரைபட எண் என்ன என்று நினைவிலிருந்து ஒரு பட்டியல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆவணங்களைக் காட்டும்படி விசாரணையில் கம்பெனியைக் கேட்கலாம்.

தரமணி_ஆய்வு_மாணவர்

பல்கலைக்கழகங்களில் இது தலைகீழாகவும் நடக்கிறது. கம்பெனிக்குள் முதலாளியின் மகன் பெயர் நுழைகிறது. எங்களிடம் கூட்டாக ஆராய்ந்த வேறு நிறுவனத்தாரின் பெயர் விடுபடுகிறது. 2018இல் நோபல் பரிசு பெற்ற ஹோன்ஜோவின் புற்றுநோய்க் காப்புரிமைகளில், தரவுகளையும் யோசனைகளையும் பகிர்ந்துகொண்ட அமெரிக்க ஆய்வாளர்கள் ஃப்ரீமன், வுட் இருவரின் பெயர்களும் இல்லை. அவர்களையும் கூட்டுக் கண்டுபிடிப்பாளர்களாகச் சேர்க்க வேண்டும் என்ற தீர்ப்பை 2020இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது. நோபல் பரிசு பெற்றவரின் காப்புரிமையிலேயே பெயரைச் சேர்க்க முடியும் என்றால் அம்பத்தூரில் ஏன் முடியாது? அக்கா, தயங்காதீர்கள்.

ஓய்வுபெற்ற_மேலாளர்

எல்லோரும் எழுதியதைப் பொறுமையாகப் படித்தேன். சொத்து கம்பெனிக்கே என்பதில் நான் அசையவில்லை. இங்கே யாரும் அதை மறுக்கவுமில்லை என்பதைக் கவனித்தேன்.

அம்மாவுக்கு ஒரு நடைமுறை யோசனை. நேரே படிவம் 8 என்று போகாதீர்கள். மேலிடத்தில் இருக்கிறவர்களுக்கு இந்தச் சட்டம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. முகவரிடம் கோப்பை அனுப்பும்போது யாரோ ஒரு செயலாளர் இரண்டு பெயர்களை நிரப்பியிருக்கலாம். மனிதவளத் துறையிடம் போகாமல், கம்பெனியின் காப்புரிமை முகவரைக் கையாளும் அதிகாரிக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதுங்கள். குற்றம் சாட்டாதீர்கள். "கண்டுபிடிப்பாளர் பட்டியல் முழுமையாக இல்லை, இதனால் காப்புரிமையின் செல்லுபடியே கேள்விக்குள்ளாகும்" என்று எழுதுங்கள். நான் அந்த நாற்காலியில் இருந்தபோது இந்த ஒரு வரி என்னை நிமிர்ந்து உட்காரவைத்திருக்கும். எந்த முதலாளியும் தன் சொத்தில் ஓட்டை இருப்பதை விரும்ப மாட்டார். கம்பெனியும் சேர்ந்து கொடுத்தால் சண்டையே இல்லாமல் முடியும்.

கிண்டி_முகவர்

ஐயாவின் யோசனையை முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். ஆனால் பதிலுக்குக் காத்திருந்து கெடுவைத் தவறவிடக் கூடாது. பரிசோதனை அறிக்கைக்குக் கம்பெனி பதில் கொடுத்து, பரிசோதகர் நிறைவடைந்துவிட்டால் காப்புரிமை சட்டென்று வழங்கப்பட்டுவிடும். கடிதத்தில் பத்து நாள் போல ஒரு கெடு கொடுங்கள். இன்னொரு பக்கம் படிவம் 8ஐயும் விவர அறிக்கையையும் தயாராக வைத்திருங்கள்.

ஒருவேளை அதற்குள் வழங்கிவிட்டால் கதை முடிந்ததாக நினைக்க வேண்டாம். வழங்கிய அறிவிப்பு வெளியான ஓராண்டுக்குள் 25ஆம் பிரிவில் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். ஆனால் அந்த வழி காப்புரிமையையே அசைக்கும் வழி. வேலையில் இருப்பவருக்கு அது பெரிய போர். வழங்கும் முன்பே முடிப்பது எல்லோருக்கும் நல்லது.

இயக்குநரின் மகனின் பெயரை நீக்குவதற்கும் 28ஆம் பிரிவிலேயே இடம் இருக்கிறது. கண்டுபிடிப்பாளர் என்று குறிப்பிடப்பட்டவர் அப்படிக் குறிப்பிடப்பட்டிருக்கக் கூடாது என்று சொல்பவர் எப்போது வேண்டுமானாலும் சான்றிதழ் கேட்டு விண்ணப்பிக்கலாம். அதற்குக் கெடு இல்லை. ஆகவே அந்தச் சண்டையை இப்போது தொடாதீர்கள். முதலில் உள்ளே நுழையுங்கள்.

டூல்ரூம்காரி

நேற்று இரண்டாவது ஷிப்டு மாறும் நேரத்தில் பிட்டர் அண்ணனிடம் பேசினேன். முதலில் சிரித்தார். "எனக்கு எதற்கும்மா இதெல்லாம், உங்களுக்கு வந்தால் சரி" என்றார். முதல் கிளெய்மைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். உதடு உள்ளே பார்த்திருக்க வேண்டும் என்ற இடம் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, "அதை அப்படியே எழுதியிருக்கிறார்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஓய்வூதியப் பணத்துக்கும் வருங்கால வைப்புநிதிக்கும் தொந்தரவு வருமா என்பதே அவருடைய கவலை. கண்டுபிடிப்பு பற்றி அவர் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்ட நினைவு இல்லை என்கிறார். நியமனக் கடிதத்தை வீட்டில் தேடி எடுத்து வருவதாகச் சொன்னார்.

என் முடிவு இது. மேலாளர் ஐயா சொன்னபடி கடிதம் எழுதுகிறேன். இரண்டு பெயர்களையும் சேர்த்தே கேட்பேன். என் பெயரை மட்டும் சேர்த்துக்கொள்கிறோம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இரண்டு சந்தேகங்கள். ஷிப்டு நோட்டு தமிழில், பென்சிலில் இருக்கிறது, அது செல்லுமா? இருவரும் ஒரே படிவத்தில் கேட்கலாமா?

பெரம்பூர்_பிட்டர்

வருங்கால வைப்புநிதிக்கு எந்தப் பயமும் வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லுங்கள். அது அவர் கணக்கில் இருக்கும் அவருடைய பணம்; காப்புரிமையில் பெயர் கேட்டார் என்று கம்பெனி அதில் கை வைக்க முடியாது. தேவைப்பட்டால் எங்கள் சங்க அலுவலகத்துக்கு அழைத்து வாருங்கள், அவருக்குப் புரியும்படி உட்கார்ந்து பேசுகிறோம். நன்றி தங்கச்சி.

பாரிமுனை_வழக்குரைஞர்

வைப்புநிதி பற்றித் தோழர் சொன்னது சரி. பணிக்கொடையையும் இதைக் காரணம் காட்டி நிறுத்த முடியாது. கடிதத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். தர மறுத்தால் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையோடு விரைவு அஞ்சலில் அனுப்புங்கள்.

கிண்டி_முகவர்

நோட்டு செல்லும். பென்சிலா பேனாவா என்பது பொருட்டல்ல. அன்றாடம் எழுதப்படும் பதிவேடு என்பதும், முன்னும் பின்னும் வேறு ஷிப்டுகளின் குறிப்புகள் தேதியோடு இருப்பதும்தான் அதன் பலம். அந்தப் பக்கத்தைக் கிழித்து எடுக்கச் சொல்லாதீர்கள், நோட்டு நோட்டாகவே இருக்கட்டும். பழைய நோட்டுகளை எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள் என்று விசாரித்து, அழிக்கக் கூடாது என்பதைக் கடிதத்திலேயே குறிப்பிடுங்கள். தமிழ் வரிகளுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும்; மொழிபெயர்ப்பு சரியானது என்ற உறுதிமொழியோடு கொடுங்கள்.

படிவத்தைத் தனித்தனியாகவே கொடுங்கள். உங்கள் பங்கு வேறு, அவர் பங்கு வேறு. எந்தக் கிளெய்மில் எது யாருடையது என்று இரண்டு அறிக்கைகளும் தனித்தனியே சொல்ல வேண்டும். ஒன்றுக்கொன்று முரணாக இருக்கக் கூடாது. அவருடைய அறிக்கையை அவர் சொல்லச் சொல்லத் தமிழில் எழுதிக்கொண்டு வாருங்கள், அதிலிருந்து ஆங்கிலத்தில் தயாரிக்கலாம். அவர் வாயில் உங்கள் சொற்களைப் போட்டுவிடாதீர்கள், விசாரணையில் கேள்வி கேட்பார்கள்.

விண்ணப்ப நிலையைத் தினமும் காலையில் பாருங்கள். பரிசோதனை அறிக்கைக்குப் பதில் தாக்கலானது என்று வந்த அன்றே எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். கம்பெனியின் பதில் கடிதம் வந்திருந்தாலும் வராவிட்டாலும் அன்றைக்கே இரண்டு படிவங்களையும் தாக்கல் செய்துவிடுவோம்.